ஒரு நாற்காலிக்கு நாலு பேர்

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் இருப்பவளுக்கு உறவுக்காரர்கள் வைத்த பேர் ‘கோர்ஸ்காரி’. சும்மா வைக்கவில்லை. யாரிடமும் போய்ப் படிக்காமல், ஆன்லைன் கோர்ஸ் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே ப்ரோகிராமிங் கற்றவள் அவள். கற்றதோடு நின்றாளா? ஒரு கம்ப்யூட்டர் மொழி முடிவதற்குள் அடுத்தது, அதில் மூன்றாம் பாடம் தாண்டுவதற்குள் இன்னொன்று. எந்த மொழியிலும் திரையில் ஒரு வணக்கம் வரவைத்துவிடுவாள். அதற்கு மேல் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்டும் பில்லும் போடுகிற ப்ரோகிராம் அவள் எழுதியது. இரண்டு வருஷமாக ஓடுகிறது. அவள் தொடங்கி முடித்த ஒரே காரியம் அதுதான், அதனால் அதன்மேல் அவளுக்கு உயிர்.

இப்போது அடுத்து எதைக் கற்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய கம்பெனியில் இருக்கும் சித்தி மகனைக் கேட்டாள்.

“அக்கா, நீ கத்துக்கிட்டதெல்லாம் பழசு. இப்ப எல்லாரும் வேற மொழிக்குப் போயாச்சு,” என்றான். போன மாதம் அவன் சொன்ன மொழி வேறு.

வீட்டுக்காரரைக் கேட்டாள். “எதை வேணா கத்துக்கோ தாயே. ஆனா முடி,” என்று கும்பிட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் சனிக்கிழமை வந்தது. பத்து மணிக்கு ஒருவர் வரவேண்டிய இடத்தில் நாலு பேர் வந்து நின்றார்கள். நாலு பேர் போனிலும் பத்து மணி அப்பாயின்ட்மென்ட். கன்னம் வீங்கிய டீச்சர் ஒருவர், பேச முடியாததால் கண்ணாலேயே திட்டினார்.

டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தார். “இருக்கறது ஒரே நாற்காலி. மடியிலயா உட்கார வைக்கிறது?”

மத்தியானம் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, “தப்பா நினைக்காதம்மா. சாஃப்ட்வேர் விக்கிற ஆள் ஒருத்தரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கேன். உன்னோடதை எடுத்துடலாம்,” என்றார்.

எல்லாம் பழைய மொழியால் வந்த வினை என்று முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மொத்தத்தையும் புது மொழியில் எழுதிவிடுவதென்று வீட்டில் போய் உட்கார்ந்தாள். புதிதாக எழுத வேண்டுமானால் பழையது என்ன செய்கிறது என்று தெரியவேண்டுமே! திறந்தாள். நடுவில் அவளே எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருந்தது: ‘இதற்குக் கீழே தொடாதே. எப்படி ஓடுகிறதென்று தெரியாது.’

இணையத்தில் யாரோ யாருக்கோ கொடுத்த பதிலை அப்படியே எடுத்து ஒட்டிய பகுதி அது. முதல்முறையாக வரி வரியாகப் படித்தாள். அடப்பாவி! அது ஹோட்டலில் மேஜை பிடித்துவைக்கிற ப்ரோகிராம். ஒரு மேஜைக்கு நாலு பேர். ‘மேஜை’யை ‘நாற்காலி’ என்று மாற்றியவள், நாலை அப்படியே விட்டிருக்கிறாள். இத்தனை நாள் யாருக்கு எந்த நேரம் என்று அவளே கண்ணால் பார்த்துக் கொடுத்ததால் வண்டவாளம் வெளியே வரவில்லை. போன வாரம்தான் வருகிறவர்களே போனில் நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டிருந்தாள்.

நாலை அழித்து ஒன்று என்று போட்டாள். அவ்வளவுதான் வேலை. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

திங்கட்கிழமை விற்பனைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். “எங்க சாஃப்ட்வேர்ல தப்புங்கற பேச்சுக்கே இடமில்ல மேடம்.”

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். “உன்னோடதுல?”

‘எல்லாம் சரி பண்ணியாச்சு’ என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். “அப்பாயின்ட்மென்ட் சரி பண்ணிட்டேன் டாக்டர். பில் போடற பகுதியும் அங்கங்க எடுத்து ஒட்டினதுதான். அது உள்ள என்ன பண்ணுதுன்னு எனக்கே இன்னும் தெரியாது.”

விற்பனைக்காரர் நிம்மதியாக ஆர்டர் எழுதப் பேனாவை எடுத்தார். தன் சோலி முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

டாக்டரம்மா அவரைக் கேட்டார்: “வலிக்கவே வலிக்காதுன்னு சொல்ற பல் டாக்டரை நீங்க நம்புவீங்களா?” விற்பனைக்காரரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

பிறகு அவளிடம் திரும்பினார். “படிச்சுப் பார்க்க உனக்கு எவ்வளவு நாளாகும்?”

“ஒரு மாசம், டாக்டர்.”

“சரி. அதுவரைக்கும் பில்லைக் கையால எழுதிக்கலாம். நீ படி.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தனியாகவே படித்தவள். அவள் ஒன்றைக் கற்று முடிக்கட்டும் என்று இன்னொருவர் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பில் பகுதியைத் திறந்தாள். முதல் வரியே புரியவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.