வல்லாரைப் பால்

மூன்றாவது கரண்டிப் பாலும் கடைவாய் வழியே தலையணையில் இறங்கியது. தையல்நாயகி முந்தானையால் துடைத்தாள். கண்மூடிக் கிடந்த பாண்டுரங்கன், அவள் கை தாடையில் பட்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"விடாத ஊத்து. பொண்டாட்டி கையால ரெண்டு சொட்டு எறங்கனாத்தான் அவனுக்கு நிம்மதி," என்றார் அவருடைய அண்ணன் தேவநாதன். விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் திண்டிவனம் வந்து இறங்கியிருந்தார்.

அந்த இரண்டு சொட்டு தையல்நாயகிக்கும் வேண்டியிருந்தது. அவரோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறாள். ஆனால் கை வலித்தது. முழுசாகத் தூங்கி இரண்டு வருஷமாயிற்று.

இரண்டு வருஷம் முன்பு அவருக்கு மறதி வந்தபோது வைத்தியர் வல்லாரைச் சூரணம் கொடுத்தார். கசக்கிறதென்று துப்பினார். பாலில் கலந்து, வெறும் பால்தான் என்று பொய் சொல்லி, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். காலையில் நடந்தது மத்தியானம் அவருக்கு ஞாபகமிருக்காது. அவள் யார் என்பதுகூட மறந்துபோயிற்று. ஆனாலும் அவள் டம்ளரோடு வந்தால் சுவரோரம் ஒதுங்கினார். நினைவு திரும்பக் கொடுத்த மருந்தில் அவருக்குள் நின்றது அந்தப் பயம் ஒன்றுதான். தாமதமாகத்தான் அவளுக்கு உறைத்தது. மருந்தை நிறுத்திவிட்டு வெறும் பாலையே கொடுத்தாள். அவர் வாய் திறக்கவில்லை.

மாட்டுக்கொட்டகை பெருக்க வரும் லூர்துமேரியையும் அவருக்குத் தெரியாது. தினமும் "நீ யாரு புள்ள?" என்றுதான் கேட்பார். கேட்டுக்கொண்டே சிரிப்பார், கையை நீட்டுவார். அவள் பின்வாசலுக்கு வெளியே குந்தி, வறுத்த மல்லாட்டையை உரித்துக் கடலையை உள்ளங்கையில் போடுவாள். அவள் செய்தது அவ்வளவுதான். பீமூத்திரம் அள்ளியது தையல்நாயகி. வயிறு எரியத்தான் செய்தது.

இப்போதும் லூர்துமேரி பின்வாசலுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். அந்தப் படியை அவள் தாண்டியதில்லை. தையல்நாயகி டம்ளரோடு எழுந்து போனாள்.

"லூர்து, உள்ள வா. நீ வந்து ஊத்து."

"வாணாம்மா. பெரியவரு இருக்காரு," என்று தேவநாதனைக் கண்ணால் காட்டினாள்.

"தையலு, என்னா பண்ற நீ?" தேவநாதன் எழுந்துவிட்டார்.

"தொண்ட காஞ்சிக்கினு கெடக்குறாரு மாமா. எங்கையால குடிக்கமாட்டாரு. என்னால ஆவல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவாசலுக்குப் போனார்.

லூர்துமேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். "ஐயா, நான்தாங்க," என்றாள். வாய் மெல்லத் திறந்தது. ஒரு மடக்கு இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. மூன்றாவது வாயிலேயே நின்றுவிட்டது.

"எறங்கிச்சா?" என்று வாசலிலிருந்து கேட்டார் தேவநாதன்.

"எறங்கிச்சி மாமா. போயிட்டாரு."

தேவநாதன் தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் குரல் தணிந்து வந்தது. "வர்றவங்க கேட்டா உங்கையாலன்னே சொல்லிடு. அந்தப் பொண்ண ஜல்தி அனுப்பு."

லூர்துமேரி எழப்போனாள்.

"இரு," என்று தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பங்காளி வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே தெருவாசல் ஏறினார்கள். தையல்நாயகி நகரவில்லை.