புளியம்பலகை

இட்லியின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறது, ஒன்றல்ல, நாலும், ஷீபாம்மா ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறாள், இரண்டாவதைத் திருப்புகிறாள், விரலை முகர்ந்துகொள்கிறாள், அவளுக்குப் பின்னால் நிற்கிற ஆசாரிமார் மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அடப்பாவி மரமே, இத்தனை அழகாக இருந்துகொண்டு இந்தக் காரியம் செய்தாயே என்று, ஆவி பறக்கிற இட்லி, வெள்ளை வெளேரென்றுதான் வைத்தேன், பத்தே நிமிஷத்தில் வெற்றிலை எச்சில் பட்டது மாதிரி ஆகிவிட்டது, எக்கா, என் விடுதிக்கு வாரவங்க ரத்தம்னு நெனச்சு ஓடிப்போயிருவாங்கக்கா என்று ஷீபாம்மா சொன்னாள், அவள் கெட்டவள் இல்லை, சிரிக்காமல்தான் சொன்னாள், அந்த மூன்று பேர்தான் அதற்குமேல் தாங்கமாட்டாமல் வெடித்தார்கள், சங்கரலிங்கம் மேஸ்திரியும் சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, போதும்க்கா, போயி உப்புத்தாள எடுங்க, அலமாரிக் கதவு ரெண்டு தேய்க்காமக் கெடக்கு என்றார்.

எடுத்தேன், எடுக்காமல் என்ன செய்ய, பதினோரு வருஷமாக அதைத்தானே எடுக்கிறேன், செங்கோட்டையில் எங்கள் பட்டறையில் ஆண்கள் பெஞ்சில் நின்று மரம் இழைப்பார்கள், அறுப்பார்கள், பூட்டுவார்கள், நான் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து அவர்கள் செய்ததை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குவேன், தேய்ப்பில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினால் இழைத்தவன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்று சொல்லிவிடுவேன், சொல்வதுதான் அவர்களுக்கு ஆகாது, எனக்கும் ஒரு பெஞ்சு குடுங்க மேஸ்திரி, நானும் இழைப்பேன் என்று மூன்று முறை கேட்டாயிற்று, மேஸ்திரி என்னைவிட எட்டு வயது இளையவர், மரியாதைக்குக் குறைவில்லை, எக்கா எக்கா என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவார், ஆனால் மூன்று முறையும் ஒரே பதில், நம்ம பட்டறையில பொம்பளைங்க நின்னு இழைச்சதில்லக்கா, அப்படிப் பழக்கமில்ல. மூலையில் அவருடைய அப்பாவின் பெஞ்சு ஒன்று பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கிறது, சும்மா நிற்கிற பெஞ்சுக்குக்கூட நான் ஆகமாட்டேன் என்றால் எரிச்சல் வருமா வராதா.

அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் ஷீபாம்மா முதல்முறை வந்தாள், குற்றாலம் போகிற பாதையில் புதிதாக விடுதி கட்டியிருக்கிறாள், சாரல் சீசனுக்குத் திறக்கப் போகிறாள், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள், முழம் நீளத்தில் ஒரு மரப்பலகை, சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டிச் செய்தது, கோடு கோடாக, தட்டுக்குப் பதில் அதில்தான் பலகாரம் வைத்துக் கொடுப்பாளாம், புது மரம் வேண்டாம், உங்களிடம் கழிந்த துண்டுகளே போதும் என்றாள், ஆசாரி மூக்காண்டி படத்தைப் பார்த்துவிட்டு, மணப்பலகை தெரியும், கோலப்பலகை தெரியும், இதென்ன தாயி, சோத்துப் பலகையா என்று கேட்டார், மேஸ்திரி அவளைப் பக்குவமாக அனுப்பிவைக்க வாயெடுத்தார், அதற்குள் நான் எழுந்துவிட்டேன், நான் செய்யுதேன் என்றேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், விட்டால் பேச்சு போய்விடும் என்று அதே மூச்சில், நான் செஞ்சு இவுகளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா எனக்கு மூலையில கெடக்கிற பெஞ்சு வேணும் மேஸ்திரி என்றேன், வந்த ஆளின் முன்னால் கேட்டது தப்புத்தான், தெரிந்துதான் கேட்டேன், அவர் முகம் கறுத்தது, சரிக்கா, ஆனா குப்பைக் குவியல்ல கெடக்கிறதுதான், நல்ல மரத்துல கை வைக்கக்கூடாது, வேலை நேரத்துலயும் கூடாது என்றார், சரி என்றேன்.

குவியலில் கைவிட்டதும் என் கண் வேங்கைத் துண்டுகளில்தான் போய் ஒட்டியது, எங்கள் பட்டறைக்கே வேங்கைக் கதவுதான் பெருமை, அந்தச் சிவப்பும் மஞ்சளும் ஓடுகிற வரி, அதைத்தான் ஒட்டினேன், தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினேன், கதை என்னவென்றால், மேஸ்திரிக்குச் சர்க்கரை, அதற்கு மருந்தாக ஒரு வேங்கை மர டம்ளரில் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்து விடிந்ததும் குடிப்பார், தண்ணீர் சிவந்துபோய் இருக்கும், அந்த டம்ளரை ஆறு வருஷமாகத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவள் யார் என்று நினைக்கிறீர்கள், நானேதான், சிவந்த தண்ணீரைக் கொட்டின கையாலேயே இட்லிப் பலகைக்கு வேங்கையைப் பொறுக்கி எடுத்தேன், கதவுக்கு மரம் பார்த்துப் பழகின கண், வாய்க்கு மரம் பார்க்கத் தெரியவில்லை, எனக்குத்தான் தெரியவில்லை, சிரித்த நாலு பேருக்கும் வைப்பதற்கு முன்னால் தெரிந்ததா, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்களே, இல்லை, சொல்லியிருக்க மாட்டார்கள். ஷீபாம்மாதான் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பதினஞ்சாந்தேதி திறப்புக்கா, பதினாலு காலையில வாரேன், இன்னொண்ணு செஞ்சு வச்சா காட்டுங்க, இல்லன்னா பீங்கான் தட்டு வாங்கிக்கிடுதேன் என்றாள், இருந்தது பன்னிரண்டு நாள்.

அன்று மத்தியானம் சாக்கிலேயே கண்ணயர்ந்தேன் போலிருக்கிறது, ஐந்தருவியில் நான் நிற்கிறேன், விழுகிற தண்ணீரெல்லாம் சிவப்பு, குளிக்கிற பெண்கள் எல்லாரும் முடியைப் பிழிந்து பிழிந்து என்னையே பார்க்கிறார்கள், மேலே பாறையில் மரங்கள் வரிசையாக நின்று நாந்தான், நாந்தான் என்று ஒப்புக்கொள்கின்றன, ஒன்று மட்டும் வாய் திறக்காமல் நிற்கிறது, அது எந்த மரம் என்று கிட்டப் போய்ப் பார்ப்பதற்குள் யாரோ உப்புத்தாளைக் கிழிக்கிற சத்தம், விழித்துக்கொண்டேன். விழித்தவள் சும்மா இருக்கவில்லை, குவியலில் இருந்த ஒவ்வொரு மரத்திலும் ஒரு துண்டு என ஏழு துண்டு பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன், மறுநாள் காலை வீட்டில் துண்டுகளை நனைத்து அடுப்படியில் வரிசையாக அடுக்கி, துண்டுக்கு ஓர் இட்லி, வெந்த சூட்டோடு எடுத்து வைத்தேன், வீட்டுக்காரர் பல் விளக்கிவிட்டு வந்து பார்த்து, ஏட்டி, இது அடுப்படியா மரக்கடையா என்றார், உக்காருங்க, தின்னு பார்த்துச் சொல்லுங்க என்றேன், பாவம், தின்றார், வேங்கை சிவந்தது, பலா மஞ்சளைக் கக்கியது, தோதகத்தி கருநீலம், தேக்கில் வைத்ததைத் தின்றுவிட்டு வார்னிஷ் கடை வாடை வருது என்றார், பூவரசு பழுப்பு, வாகையில் வைத்தது கசக்குது என்று துப்பினார், ஏழாவதை வாயில் போட்டார், மென்றார், என்ன என்றேன், இட்லி என்றார், வேறென்ன என்றேன், வேறொண்ணுமில்ல, இட்லி என்றார்.

ஏழாவது, புளி. என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன், கறிக்கடையில் கறி வெட்டுகிற கட்டை புளியில்தானே செய்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு முன் நம் பட்டறையிலேயே ஒரு கறிக்கடைக்குக் கட்டை செய்து கொடுத்து, மிஞ்சின துண்டுகளில் ஒன்றுதானே இது, இரும்பு மாதிரி இருக்கும், உளியை மழுக்கிவிடும் என்று ஒருத்தரும் தொடாமல் குவியலின் அடியில் கிடந்தது. தொட்டேன், எல்லாரும் சாப்பிடப் போகிற அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு, தரையில் உட்கார்ந்து, துண்டை இரண்டு பாதத்தாலும் இடுக்கிப் பிடித்துக்கொண்டு இழைக்கிறேன், இழைப்புளி வழுக்குகிறது, ஒரு பக்கம் போனால் மறுபக்கம் செதில் பெயர்கிறது, இது எப்படிப் பின்னிப் பின்னி வளர்ந்திருக்கிறது பார், யாருக்கும் அடங்கக்கூடாது என்று சபதம் போட்டா வளர்ந்தாய், நானும் அப்படித்தான் என்று அதனோடு பேசுகிறேன், மூன்றாம் நாள் அழுதும் பார்த்தேன், நான்காம் நாள் சாக்கை விரிக்கும்போது இழைப்புளியின் தகட்டை யாரோ தீட்டி வைத்திருந்தார்கள், மயிரைச் சிரைக்கலாம், அப்படி ஒரு கூர், மூக்காண்டியைப் பார்த்தேன், அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தகட்டுக்கும் அடங்காத இடத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன், சுரண்டச் சுரண்ட வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சுருண்டு வந்தது, வெளிர்த் துண்டுக்குப் பக்கத்தில் வயிரம் பாய்ந்த கருத்த துண்டு, அதற்குப் பக்கத்தில் வெளிர்த் துண்டு என்று ஒட்டினேன், இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் கேட்டால் வேலையில இருக்கு என்றார்கள், கிடக்கட்டும், கயிற்றைச் சுற்றி ஆப்பு அடித்தேன். அப்புறம் வந்தது என் ராஜ்ஜியம், உப்புத்தாள், நனைத்தால் மரம் பூனைமயிர் மாதிரி சிலிர்க்கும், காயவிட்டுத் தேய்த்தேன், மறுபடி நனைத்தேன், சிலிர்த்தது, தேய்த்தேன், மூன்றாம் தடவை நனைத்தபோது சிலிர்க்கவில்லை, செக்குத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் விட்டு ஒரு இழுப்பு இழுத்தேன், கருப்பு கருப்பாக, வெளுப்பு வெளுப்பாக, வரியெல்லாம் எழுந்து வந்தது, ஐயோ, பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டினபோதுகூட அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

பதினாலாம் தேதி காலை, ஷீபாம்மா வருகிறாள், ஆசாரிமார் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள், நான் இட்லி வைக்கவில்லை, முதலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை எடுத்துப் பலகையில் ஊற்றினேன், ஊற்றிவிட்டு மேஸ்திரியின் தோளில் கிடந்த சலவைத் துண்டை உருவினேன், எக்கா எக்கா என்றார், அழுந்தத் துடைத்தேன், விரித்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன், பாருங்க என்றேன், தும்பைப்பூ, ஒரு பொட்டுக் கறை இல்லை, அப்புறம்தான் இட்லியை வைத்தேன், பத்து நிமிஷம் ஆயிற்று, இருக்கட்டும், இன்னும் பத்து நிமிஷம் என்றேன், இது போனால் இனி சாகிற வரைக்கும் சாக்குதான், ஷீபாம்மா திருப்பினாள், வெள்ளை, அடுத்தது, வெள்ளை, நாலும் வெள்ளை, ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள், பலகையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், எக்கா, எனக்கு இது மாதிரி இருபத்தினாலு வேணும்க்கா, நாளைக்கு இந்த ஒண்ணு போதும், மத்ததெல்லாம் சாரல் முடியறதுக்குள்ள குடுங்க என்றாள், எனக்கு வந்த சந்தோஷத்துக்கு வாய்விட்டுக் கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை, மேஸ்திரியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சொன்ன சொல் தவறுகிற ஆளில்லை அவர், தானே போய்ப் பெயின்ட் டப்பாக்களை இறக்கினார், பெஞ்சைத் துண்டால் தட்டினார், நாளைக்கு நல்ல நேரம் பார்த்து ஏறுங்கக்கா என்றார், இன்னைக்கு என்ன கெட்டுப்போச்சு என்று போய் நின்றேன், நின்றால், பெஞ்சு என் விலாவுக்கு வருகிறது, மேஸ்திரியின் அப்பா பெரிய ஆசாரி ஆறடி ஆள், நான் குள்ளச்சி, இழைப்புளியை வைத்தால் கை தோளுக்கு மேலே நிற்கிறது, மரத்தில் அழுத்தம் எங்கே விழும், ஒருவன் மெல்லச் சிரித்தான், மேஸ்திரி, ஒரு பொட்டியப் போட்டு ஏறி நின்னுக்கிடுங்கக்கா என்றார், நல்ல மனசோடுதான் சொன்னார், பதினோரு வருஷம் தரை, இனிமேல் பெட்டியா, நான் சுவரில் தொங்கின கைவாளை எடுத்தேன், மூக்காண்டியண்ணே, பெஞ்சக் கவிழ்த்துப் போடுங்க என்றேன், எக்கா, அது எங்கப்பா பெஞ்சுக்கா என்று மேஸ்திரி பதறினார், தெரியும் மேஸ்திரி, நல்ல பெஞ்சு, காலு மட்டும் ஆறு விரக்கடை கூட இருக்கு, அம்புட்டுத்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த பெஞ்சுக்குப் பக்கத்தில், என் சாக்கிலேயே, தரையில் உட்கார்ந்து முதல் காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார், நேரா அறுங்கக்கா, கோணிச்சுன்னா பெறகு ஆடும் என்றார், நீங்க ஆடாமப் பிடிங்க மேஸ்திரி என்றேன், வாளை வைத்து இழுத்தேன், மரத்தூள் அவர் மடியில் விழ ஆரம்பித்தது.