முகப்பில் ஒரு வாய்

காலைமுதல் வெயிலில் காய்ந்த தட்டைக் கூரைகள் கவிழ்த்துவைத்த அடுப்புகள் போலப் பேரூரெங்கும் கனன்றிருக்க, மேற்கே எழுந்த முகில், மலையொன்று பெயர்ந்து வருவதுபோல் மெல்ல நகர்ந்து, உச்சிப்பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே தெருக்களை அந்திக்குரிய நிழலால் மூடிற்று. காற்று நின்றது, பின் வானம் திறந்தது. ஊர் நடுவே, ஒரு கோடோ துளையோ இல்லாத வெண்ணிற முகப்போடு, பாலில் படிந்த ஆடைபோல் நின்ற புதிய மருத்துவமனையின்மேல் அம்மழை இறங்குவதைப் படிப்போர் சற்றே நின்று காண்பீராக. அதன் மேல்மாடி அரங்கில், அப்பொழுது ஒரு நெசவாளியின் வயிறு திறக்கப்பட்டிருந்தது.

அக்கூரையை வரைந்தவள் அக்கா, கட்டியவன் தம்பி. தாளில் ஒரு கோடு பிசகினாலும் சோறு இறங்காத அவளைக் கொத்தர்கள் தூக்குக்குண்டு என்பர். எதையும் தள்ளிப்போடும் அவனை, அவன் காதுபடவே, நாளைக்கு என்பர். எஃகுத் தகட்டின்மேல் மெல்லிய காரை, அதன்மேல் நீர் புகாத் தோல், தோலின்மேல் வெம்மை தடுக்கும் நுரைப்பலகைகள், அவை காற்றில் பறவாதிருக்கக் கூழாங்கல் என அடுக்கடுக்காய் அமைந்த கூரை அது. கல் கொட்டுகையில் குழாய்க்குள் விழாதிருக்க, வடிகுழாய் வாய் இரண்டிலும் சாக்குத்துணியைத் திணித்தான் தம்பி. திணித்த இடத்தைக் கல் மூடிற்று. அவன் சொன்ன நாளை வரவில்லை. மிகைநீர் வழிய அவள் கைப்பிடிச்சுவரில் முதலில் வரைந்திருந்த திறப்புகளோ, முகப்பின் அழகைக் கெடுக்கும் என்று அவள் கையாலேயே அழிக்கப்பட்டிருந்தன.

கட்டடத்தின் முதல் மழையைக் காண வந்திருந்த இருவரையும் தலைமைச் செவிலி படிக்கட்டில் மறித்தாள்.

"காலைல நல்லா சாத்துன ஆபரேஷன் தியேட்டர் கதவு இப்ப மேல இடிக்குது. என்னத்தக் கட்டிக் குடுத்தீங்க?"

கதவு வளரவில்லை, கூரை தாழ்ந்திருக்கிறது என்று அறிந்த அக்காவின் முகம் வெளிறிற்று.

"உள்ள இருக்கிறவர வெளிய கொண்டு வந்துரலாமா, சிஸ்டர்?"

"வயித்தத் திறந்து வச்சிருக்காங்கம்மா. தையல் போடாம அசைக்கவே முடியாது."

மேலே ஓடிய இருவரும் கண்டது கூரையன்று, குளம். கல்லைச் சரித்துவிட்டு மேலெழுந்த பலகைகள், கட்டவிழ்ந்த தெப்பங்கள்போல் ஒன்றோடொன்று முட்டி அலைந்தன. ஒரு சாண் நீர் தேங்கினால் பத்து யானைகளை ஏற்றி நிறுத்திய பளு என்பதை அவள் அறிவாள். நீரோ முழங்காலை நெருங்கியிருந்தது. பளுவால் கூரை தாழும். தாழ்ந்த இடத்துக்கே நீர் மேலும் ஓடிவரும். அதனால் இன்னும் தாழும்.

"டேய், குழாய் எங்கடா?"

"இங்கதான்க்கா இருந்துச்சு..."

"துணிய எடுத்தியா, இல்லையா?"

அவன் நீருக்கடியில் கல்லைக் காலால் கிளறினான்.

"உனக்குப் பேரு வச்சவன் வாயில சக்கரையப் போடணும். தேடு!"

மண்டியிட்டு, மார்பு நீரில் படியக் குனிந்து கல்லைத் துழாவிய அவன் கைக்குக் குழாய் வாய் இரண்டில் ஒன்றுதான் அகப்பட்டது. இழுத்தான். நைந்த துணி கிழிந்து பாதி கையோடு வர, மீதியை நீரின் பளு குழாயின் வளைவுக்குள் தள்ளி இறுக்கிற்று. அக்கணம் இருவர் காலடியிலும் கூரை, உறங்கும் விலங்கு மூச்சிழுப்பதுபோல் ஒருமுறை அசைந்தது.

"சம்மட்டி எங்க?"

"கீழ, வண்டியில. எதுக்குக்கா?"

"முகப்ப இடிக்க."

"அங்க ஓட்டை வச்சா மூஞ்சில மூக்கு ஒழுகுற மாதிரி இருக்கும்னு நீதானே சொன்ன!"

"ஒழுகட்டும்டா. ஓடு!"

தம்பி சொன்னபடி செவிலி கீழே வாயிலில் நின்றோரை விலக்கிக்கொண்டிருக்க, அவன் கொணர்ந்த சம்மட்டியால் முதல் அடியை அக்காவே அடித்தாள். தன் குழந்தையின் நெற்றியில் சூடிடும் தாயின் கைபோல் அக்கை ஒருகணம் தயங்கிற்று, பிறகு தயங்கவில்லை. வெண்பூச்சு உதிர்ந்தது, செங்கல் பிளந்தது, கையளவு திறப்பு வழியே நீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் பலகையொன்று மிதந்து வந்து அத்திறப்பை இமைபோல் மூடிற்று. தம்பி அதைப் பிடுங்கி எறிந்தான், அடுத்தது வந்தது. பின்னர் அவன் திறப்பின் முன்னே குந்தி, இரு கைகளையும் விரித்து, தோளிலும் மார்பிலும் பலகைகள் மோத மோதத் தன் உடலையே வேலியாக்கினான்.

"அடி, அக்கா! நான் புடிச்சிக்கிறேன், நீ அடி!"

அவள் அடித்தாள். வாய் அகன்றது. தெருவில் அருவியொன்று விழுந்தது. நீர் கணுக்காலுக்கு இறங்கிய பின்னும் சம்மட்டியை அவள் கீழே வைக்கவில்லை.

படியேறி வந்த செவிலி, நனைந்து நடுங்கிய இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கதவு இப்ப இடிக்கல. தையல் போட்டாச்சு."

தான் உறங்கிய வேளையில் தன் தலைக்குமேல் நின்ற குளத்தை அந்நெசவாளி அறியவேயில்லை.

பின்னர்க் கூரைக்கு ஊன்றுகள் சேர்ந்தன, குழாய்கள் மாறின. திறப்பை அடைத்து வெண்மை பூசித் தருமாறு மருத்துவமனையார் கேட்டபோது, அக்கா அதற்கு நீர் வழிய ஒரு கல் மூக்கு வரைந்து தந்தாள். கேட்ட அன்றே தம்பி அதைப் பொருத்தினான். இன்று அம்முகப்பில் பழுப்புக் கறையொன்று நீண்டு இறங்குகிறது. தெருவில் போவோர் அதனைப் பழுது என்பர், அவள் மறுப்பதில்லை. நீருக்கு வழிவிட மறுத்த அழகு எத்தனை வெண்மையாயினும் பிறர் உயிரின்மேல் தீட்டிய அழகே என்று அறிந்தவளாய், மழைநாட்களில் எதிர்ப்புறத்துக் கடைநிழலில் ஒதுங்கி, அவ்வாய் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டே வீடு செல்கிறாள்.