கொடுக்கப் போகிறவனின் பவுடர்

ஆஸ்பத்திரித் தாதி ஜொய்சி இரத்தப் பரிசோதனை முடிவுத்தாளை இரண்டாவது தடவையும் படித்தாள். கஜேந்திரனுக்கு அதுவே பயமாக இருந்தது. பக்கத்தில் அக்கா ஜீவராணி, வீங்கிய கால்கள் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. தம்பியினுடையதில் ஒன்றை அவளுக்கு வைப்பதாக ஏற்பாடு.

“போன தடவ ரத்தத்தில கிரியேட்டினின் கழிவு சரியா இருந்திச்சு. இப்ப கூடியிருக்கு. இப்பிடியே இருந்தா உங்ககிட்ட கிட்னி எடுக்க மாட்டாங்க. வேற மருந்து ஏதாச்சும் குடிக்கிறீங்களா?”

“இல்ல மிஸ்.”

ஜீவராணி அவன் கையைப் பிடித்தாள். “உனக்கும் கிட்னி பழுதாடா?”

கஜேந்திரன் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்குகளை லொறியிலிருந்து இறக்குபவன். ஒரு கிட்னி போனால் சாக்குத் தூக்க ஏலாது என்று லயத்தில் பக்கத்து வீட்டு வீரய்யா சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. ஹட்டன் டவுனில் ராசிக் என்பவரின் கடையில், தசைக்குப் பலம் தருமென்று கிரியேட்டின் பவுடர் வாங்கினான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால் வெறுந்தேநீரில் ஒரு கரண்டி. சாக்கு இலேசானது போலிருந்தது. டாக்டர்மார் முன்னால் பலசாலியாகத் தெரிய வேண்டுமென்று, பரிசோதனை வாரத்தில் அதை இரண்டு கரண்டியாக்கினான்.

இதைச் சொல்லாவிட்டால் தன்னைக் கழித்துவிடுவார்கள். சொன்னாலோ, அவன் பயந்தது அக்காவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் சிறுநீரகத்தை வாங்கமாட்டாள்.

அவள் பிடி இன்னும் இறுகியது. அவன் சொல்லிவிட்டான்.

ஜொய்சி நாற்காலியை நெருக்கிப் போட்டாள். “அந்தப் பவுடர் தசைக்குள்ள போய் நிக்கும். பாரம் தூக்கையில சட்டுனு பலம் குடுக்கும். அதுவே கொஞ்சங் கொஞ்சமா கிரியேட்டினினா மாறும். அந்தக் கழிவ வடிகட்டுறதுதான் கிட்னியோட வேல. பெக்டரில கொழுந்து கூட வந்து குவிஞ்சா, அத வாட்டுற ஃபேன் பழுதுன்னா அர்த்தம்?”

“இல்ல மிஸ்.”

“அதே மாதிரிதான். ஆனா கிட்னி உண்மையிலயே பழுதான்னும் பாக்கணும். பவுடர நிப்பாட்டுங்க. ரத்தம் எடுக்கிறதுக்கு முந்தின நாள் இறைச்சியும் வேணாம், அதுவும் கூட்டும்.”

“ஐயோ, நேத்து நான்தானே கோழி ஆக்கிக் குடுத்தேன்,” என்றாள் ஜீவராணி.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். “பயந்துக்கிட்டுக் குடுக்க வேணாம்டா.”

அவன் பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டே வந்தான்.

அடுத்த பரிசோதனை வரை நாட்கள் நகரவே இல்லை. பவுடரை நிறுத்தியதும் தசை பிடித்துவைத்திருந்த நீர் இறங்கி, உடல் எடை குறைந்தது. சாக்கு மறுபடி கனத்தது. பவுடர் இல்லாததாலா, நோயாலா என்று ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தன்னையே கேட்டுக்கொண்டான்.

மறுபடி எடுத்த இரத்தத்தில் கிரியேட்டினின் பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. மற்றச் சோதனைகளும் சரி. கஜேந்திரன் மூச்சுவிடுவதற்குள் ஜீவராணி முந்திக்கொண்டாள்.

“மிஸ், ஒரு கிட்னிய எடுத்த பொறகு இவன் சாக்குத் தூக்குவானா?”

“காயம் நல்லா ஆறுற வரைக்கும் கூடாது. அப்புறம் டாக்டர் சொன்னதும் கொஞ்சங் கொஞ்சமாத் தூக்கலாம். சாக்குத் தூக்குறது கையும் முதுகும்தானே, கிட்னி இல்லையே.”

ஜீவராணி தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

“கேட்டுக்கிட்டியா? இத ஒரு வார்த்த கேக்கத் தெரியாம டப்பா டப்பாவாக் குடிச்சிருக்கான்.” பிறகு, சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, “சரி மிஸ், நான் வாங்கிக்கிறேன்,” என்றாள்.