முழுசாச் சொன்னால் சோறு

"சோத்தைப் போடு அண்ணி, தட்டைப் புடிச்சிக்கிட்டு எம்புட்டு நேரமா—"

"போடுறேன்யா, யாரு போடலேன்னா? முழுசாக் கேக்கட்டும்—"

"அதான் சோறுன்னு சொல்லிருச்சில்ல—"

"சோறுன்னா? சோறு வெந்துச்சா, சோறு கொட்டிப் போச்சா, நான் என்னன்னு கண்டேன்?"

"நாய்க்குக்கூட இப்படிப் பழக்க மாட்டாங்க!"

"நாய் துரைக்குப் பதில் சொல்ல வேணாம். உங்க அண்ணன் சொல்லணும்!"

இரண்டு குரலுக்கும் நடுவில் வீரமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தகரத் தட்டு இடது கையில். வலது கை யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்போல மடியில் கிடந்தது. தம்பி அய்யாவு கத்தினால் அவன் முகத்தைப் பார்த்தான், ராசம்மா கத்தினால் அவள் முகத்தைப் பார்த்தான். இருவரும் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், "சோறு" என்றான் மறுபடியும்.

ராசம்மா குத்துக்காலிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அகப்பையைக் காற்றில் கவிழ்த்துக் காட்டினாள்.

"யாரு?"

"ராசம்மா."

"ராசம்மா என்னத்த?"

"சோறு."

"ராசம்மா சோறு...?" அகப்பை மறுபடியும் கவிழ்ந்தது. அவன் நெற்றியில் வேர்வை கட்டியது. உதடு போனது, வந்தது.

"ராசம்மா... சோறு... போடு."

"கேட்டியா கொழுந்தனாரே?" என்றாள். சோற்றைப் போட்டாள். அய்யாவு கதவை அறைந்து சாத்திவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனான்.

அந்த வருஷம் தெற்கத்திக் காற்று ஆரம்பித்த சமயம், பாலுக்காக ரப்பர் மரப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்த நிரையிலேயே வீரமுத்து விழுந்தான். மாட்டு வண்டியில் போட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் திரும்பியது, கால் ஒருவாறு திரும்பியது, கையும் பேச்சும் திரும்பவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. மரம், வாளி, மழை, ராசம்மா என்று பெயர் பெயராக வந்தது. வெட்டினேன், எடுத்தேன், நனைந்தேன் என்பதுதான் வரவில்லை. ஆனால் ஊசி போட வந்தபோது மட்டும் டிரஸ்ஸர் சபாபதியின் தாயையும் தமக்கையையும் சேர்த்து நீளமாக ஒரு வசவு வைதான் பாருங்கள், ஒரு இடத்திலும் தட்டவில்லை. படுத்திருந்த நோயாளிகள் எல்லாம் சிரித்தார்கள். "ஒரு பிழையும் இல்லை, கண்டீரோ!" என்று யாழ்ப்பாணத்து டிரஸ்ஸரும் சேர்ந்து சிரித்தார்.

அவர்தான் ராசம்மாவுக்கு வழியும் சொன்னார். "சொல்லு எல்லாம் உள்ளுக்கை கிடக்கு பிள்ளை. கோக்கிற நூல்தான் அறுந்து போச்சு. நீர் பேரிலை தொடங்காதையும், செய்கையிலை தொடங்கும். செய்து காட்டிப்போட்டு, ஆர் செய்யிறது, என்னத்தைச் செய்யிறது எண்டு கேளும். பிறகு மூண்டையும் சேர்த்துச் சொல்ல வையும். அவசரப்படக் கூடாது."

அவசரம் ராசம்மாவுக்கு இல்லை, துரைக்கு இருந்தது. ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்த காலம். மரத்தை வெட்டாமல் விட்டால் நஷ்டம் குறைவு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ரெங்கம் ஸ்டேஷனில் எந்த ரயிலைப் பார்த்தாலும் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கப்பலேறப் போகிற கூட்டம். வீரமுத்து பழைய ஆள், மரத்துக்கு நோகாமல் வெட்டியவன் என்பதற்காகத் துரை ஒரு சலுகை காட்டினார். ரப்பர் ஷீட்டு அடுக்குகிற ஸ்டோரில் ஜாகா என்கிற காவல்காரன் வேலை காலி. காவலுக்குக் கை வேண்டாம், கண்ணும் வாயும் போதும். யார் வந்தார், எதை எடுத்தார் என்று காலையில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லத் தெரிய வேண்டும். திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கேட்கிற கேள்விக்கு வாய் திறந்து பதில் சொன்னால் வேலை. இல்லாவிட்டால் கப்பல்.

கப்பல் என்றால் ராசம்மாவுக்கு என்ன? அங்கேதான் இருக்கிறது விஷயம். துறையூர்ப் பக்கத்தில் வீரமுத்துவுக்கு ஓட்டு வீடும் தனலெட்சுமி என்று ஒரு பெண்டாட்டியும் மீசை முளைத்த இரண்டு மகன்களும் உண்டு. ராசம்மா இங்கே கட்டினவள். அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்த முதல் புருஷன் குளிர்காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வீரமுத்து கட்டிய மஞ்சள் கயிறுதான் அவளுக்கு இருக்கிற ஊரும் உறவும். இந்த லயத்தில் அய்யாவுக்கு அவள் அண்ணி. அவனே குடித்துவிட்டு வந்தால், "பெரிய அண்ணி கையால சாப்புட்டாத்தான்யா அது சாப்பாடு" என்பான். கடலைத் தாண்டிப் போனால் அவள் யார்? சாணி அள்ளப் போட்டால் அள்ள வேண்டியவள். போகாமல் இங்கே நின்றால்? ஆம்பிளை இல்லாதவளுக்கு அறை கிடையாது என்று கங்காணி இப்போதே சொல்லிவிட்டான்.

அதனால்தான் பட்டினி போட்டுப் பழக்கினாள். காற்றில் கத்தி பிடித்து மரம் வெட்டிக் காட்டினாள். "யாரு வெட்டுறா? எதை வெட்டுறாங்க?" நாள் பூராவும் புல் பிடுங்கிவிட்டு வந்த கையால் வாளி தூக்கினாள், விறகு பிளந்தாள், கதவு பூட்டினாள், எல்லாம் வெறுங்காற்றில். பக்கத்து லயத்துப் பெண்கள், "ராசம்மாவுக்குச் சாமி வந்திருக்கு" என்று கேலி செய்தார்கள். "நான் மரம் வெட்டுறேன்" என்று அவன் முதல் தடவை கோத்துச் சொன்ன அன்றைக்குத் தன் பங்குக் கருவாட்டையும் அவன் தட்டிலேயே வைத்தாள்.

ஆசை யாரை விட்டது? சனிக்கிழமை சாயங்காலம், துரைக்காக இல்லாமல் தனக்காக ஒன்று கேட்டாள். கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் முடிச்சுப் போடுவதுபோலக் காட்டினாள்.

"யாரு கட்டுனா?"

"நான்."

"யாரைக் கட்டுனீங்க?"

வெகுநேரம் யோசித்தான். முகம் தெளிந்தது. "தனலெட்சுமி" என்றான்.

"அது சரி. இங்க? இந்தக் கோயில்ல? யாரை?"

அவன் அவள் கையைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். சொன்ன சொல் போதவில்லை போலிருக்கிறது, முழுசாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "நான்... தனலெட்சுமியை... கட்டுனேன்" என்றான். தட்டை எடுத்து நீட்டினான்.

அவள் கயிற்றை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "இதை மட்டும் நல்லாச் சொல்லுய்யா, நல்லாச் சொல்லு" என்று முனகினாள். முழுசாச் சொன்னால் சோறு என்பது அவளே போட்ட சட்டம். போட்டாள்.

திங்கட்கிழமை பெரட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ராசம்மா வீரமுத்துவுக்குச் சலவைச் சட்டை மாட்டி அய்யாவு பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தன் வரிசைக்குப் போனாள். ராத்திரி பூராவும் ஒரே பாடம். நான் ஸ்டோரைக் காக்கிறேன். தூக்கத்தில்கூட அவன் உதடு அதையே மென்றுகொண்டிருந்தது.

துரை கைகட்டி நின்றார். கிராணி தங்கராஜு குரல் கொடுத்தார். "வீரமுத்து! உனக்கு என்ன வேலைப்பா தர்றது? நீ என்ன செய்யப் போறே? துரை கேக்குறாரு, சொல்லு."

"நான்..."

பெண்கள் வரிசையில் ராசம்மாவின் கை நெற்றிக்கு மேல் ஏறியது. கண்ணுக்கு நிழல் கட்டிக் காவல் பார்க்கிறவன்போல இடமும் வலமும் பார்த்தாள். இன்னொரு கை இல்லாத தடியைத் தரையில் ஊன்றியது.

"நான்... ஸ்டோரு..." என்றான். நின்றான். "ஸ்டோரு..."

கா, கா என்று அவள் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் கையை, வேர்வையை, இல்லாத தடியை எல்லாம் நிதானமாகப் பார்த்தான். பிறகு பார்வையைத் துரையிடம் திருப்பி, கல் இல்லாத அரிசியைக் கொட்டுவதுபோலச் சொன்னான்:

"நான் ஊருக்குப் போறேன்."

ஆண்கள் வரிசையில் யாரோ, "அடி சக்கை!" என்றான். நோயாளிக் கணக்கு எடுக்க வந்திருந்த சபாபதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டீரோ பிள்ளை! ஒருத்தரும் சொல்லிக் குடுக்காத வசனம்! தானாய் வந்திட்டுது!" என்று பெண்கள் வரிசையைப் பார்த்துக் கத்தினார். ஒருத்தரும் சொல்லிக் கொடுக்காததுதான். ஊர் என்ற சொல்லை அவள் அந்த அறைக்குள் எடுத்ததே இல்லை. பட்டினி போட்டு, காற்றில் கூத்தாடி, நூலை மட்டும் அவள் முறுக்கிக் கொடுத்திருந்தாள். அவன் தனக்கு வேண்டியதைக் கோத்துக்கொண்டான்.

கிராணி துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டி, ஏதோ நல்ல வார்த்தை போலச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார். அய்யாவு சிரிக்கப் பார்த்தான், அண்ணி முகத்தைக் கண்டதும் தரையைப் பார்த்தான்.

கிராணி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். ராசம்மாவின் கை இன்னும் நெற்றிக்கு மேலேயே நின்றிருந்தது. அவர் கேட்ட அடுத்த கேள்வியில் அது மெல்ல இறங்கி மார்புக்கு நேரே வந்து நின்றது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் செய்து காட்டிய கை. இப்போது ஒரு விரலை நிமிர்த்துவதா, இரண்டு விரலை நிமிர்த்துவதா என்று அதற்குத் தெரியவில்லை. வீரமுத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், வாய் பாதி திறந்திருந்தது.

"உன்னத்தான் கேக்குறேன் வீரமுத்து, கப்பல்ல நீ மட்டுமா, ரெண்டு பேருமா?"