தெருவுக்கொரு வாக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் ஒன்று, பேச்சு ஒன்பது என்று முணுமுணுத்தபடி முனிரத்தினம் பஞ்சரான டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார். காலையில் வருகிறேன் என்று வண்டியை விட்டுப் போகிறவன் மறுநாள் மத்தியானம் வருகிறான். கேட்டால் கம்பெனியில் ஓ.டி., கூடுதல் நேர வேலை என்கிறான். எவன் சொல்லை நம்புவது?

கம்பெனிகள் நிறைந்த வல்லம் வடகால் சாலையோரம் அவர் பஞ்சர் கடை. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு இன்னும் ஐந்து நாள். செத்துப்போன தம்பியின் மருமகள் ரத்னா பூட்டு சாவிச் சின்னத்தில் நின்றாள். 'சுடுகாட்டுப் பாதையைத் திறக்க வைப்பேன்' என்று முதல் நாள் அவள் சொன்ன ஒரே சொல்லுக்காகத்தான் கிழவர் தலையாட்டியிருந்தார். ஒரு கம்பெனி அந்தப் பாதையை மறித்துச் சுவர் எழுப்பிவிட்டது. போன ஐப்பசி மழையில் அவர் மனைவி கோவிந்தம்மாவின் பிணம், லாரிகளுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர் சுற்றி, வேனில் போனது. நாலு பேர் தோளில் போகக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்று காலை ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு ரத்னாவின் பிரச்சார ஆட்டோ வந்தது. மைக்கில் அவள் ஆள் சாம்சன். "ஏரிக்கரை ஓரம் இன்னும் ரெண்டு கம்பெனி வரும்! எல்லாருக்கும் பர்மனன்ட் வேலை!"

பத்து மணிக்கு அதே ஆட்டோ, அதே குரல், ஊருக்குள்: "ஏரிக்கரையில இனிமே ஒரு கம்பெனி வராது!"

கிழவருக்குத் தலை சுற்றியது. தன் காதுதான் கெட்டுவிட்டதோ என்று, பஞ்சர் ஒட்டக் கொடுத்த வண்டிக்காகக் காத்திருந்த கம்பெனித் தொழிலாளி காசிராஜனைக் கேட்டார்.

"ரெண்டுந்தான் சொன்னாவ, தாத்தா," என்று அந்தத் தென்காசிக்காரன் சிரித்தான். "காலையில எங்களப் பாத்து என்னா கும்பிடு! எங்க ஓட்டு ஊர்லல்லா கெடக்கு. சும்மா கைதட்டி அனுப்பிட்டோம்."

டியூபை அப்படியே போட்டுவிட்டுக் கிழவர் கோயில் முனைக்குப் போனார். ரத்னா தன் ஆட்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா ரத்னா, கம்பெனி வரும்ன்றியா, வராதுன்றியா? எது உம் பேச்சு?"

சாம்சன் முந்திக்கொண்டான். "பெர்சு, எலக்‌ஷன்னா அப்டித்தான். எங்க கூட்டம் கீதோ, அங்க அவுங்களுக்குப் புடிச்சத பேசணும்."

"கூட்டம் கீதுபா. ஓட்டு தென்காசில கீதாம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரத்னா சிரிக்கவில்லை. "யாரக் கேட்டு இதெல்லாம் சொன்ன, சாம்சன்?"

"நீதானக்கா எப்டியாவது ஜெயிக்கணும்னே?"

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். டீயைக் கீழே வைத்தாள். "சுடுகாட்டுப் பாதை பத்தியும் எங்கனா மாத்திச் சொன்னியா?"

சாம்சன் தரையைப் பார்த்தான். "கம்பெனில கேட்டாங்க. சுவத்துல கை வெக்க மாட்டோம்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிவெச்சேன்."

ரத்னா எழுந்து, பக்கத்தில் நின்ற ஆட்டோவிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஏரிக்கரை பத்தி எங்க ஆட்டோவுல சொன்னது எதுவும் என் பேச்சு இல்ல. கம்பெனி வரதும் வராததும் என் கையில இல்ல. சுடுகாட்டுப் பாதைக்குக் கிராம சபையில தீர்மானம் போட்டு, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் நிப்பேன். அது ஒண்ணுதான் என் வாக்கு. எல்லாத் தெருவுலயும், கம்பெனி கேட்லயும் இதையேதான் சொல்வேன். என் ஆளுங்கள அடக்காதது என் தப்பு. தெருவுக்கு ஒரு வாக்கு குடுத்து ஜெயிச்சா, எந்தத் தெருவுக்கு உண்மையா இருக்கறது? ஓட்டு கேக்கும்போதே ஒரு சொல்லுல நிக்காதவங்க, பதவிக்கு வந்தா நிக்கவே மாட்டாங்க!"

"போச்சு, பாதி ஓட்டு போச்சு," என்றான் சாம்சன்.

ரத்னா கிழவர் பக்கம் திரும்பினாள். "இப்போ நம்பறீங்களா, மாமா?"

அவருக்குப் புரியவில்லை. பொய்க்காரியாக இருந்தால் எதற்காக ஓட்டை இழக்கிறாள்? யோக்கியமாக இருந்தால், நான் வந்து கேட்கும்வரை அவளுக்கு ஏன் தெரியவில்லை? ஒருவேளை இதுவும் இந்தத் தெருவுக்கான பேச்சுதானோ?

"இன்னிக்குச் சொல்லிட்டே. இன்னும் அஞ்சு நாள் கீதும்மா," என்றார். "அஞ்சு நாளும் இதையே சொல்றியான்னு பாக்கறேன்."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.