ஹலீமாவின் இரண்டு நேர்ச்சைகள்

சலாஹுதீன் குவைத்துக்குப் போய்ப் பதினேழு வருஷம். ஊரில் இருந்த நாளையெல்லாம் சேர்த்தாலும் இரண்டு வருஷம் தேறாது. நன்னிலத்தில் ஒற்றையாய்க் குடித்தனம் நடத்திய ஹலீமா, நாகூர் தர்காவில் நின்று நேர்ந்துகொண்டாள்: "இந்தத் தடவை வந்தா அவங்க திரும்பிப் போகக் கூடாது ஆண்டவரே. தெருவுக்கே நெய்ச்சோறு ஆக்கிக் கொடுக்கிறேன்."

கேட்பதைப் பார்த்துக் கேட்க வேண்டாமா? முகமும் காலும் வீங்கித்தான் வந்து இறங்கினார். சிறுநீரகக் கோளாறு என்றார்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். தன் வாயால் வந்த வினை என்றே ஹலீமா நம்பினாள்.

ஊசியால் சிறுநீரகத்தில் நூலளவு சதை எடுத்தார்கள். அதைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர் அங்கே இல்லை. சொல்பவர் ஒரத்தநாட்டுக்காரர் டாக்டர் நெடுஞ்செழியன்; மான்செஸ்டரில் இருந்தார். லேபில் வேலை பார்க்கும் மலர்க்கொடி, சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகட்டை ஸ்கேனரில் வைத்துப் படத்தை அவருக்கு அனுப்பினாள். வாசலில் தவித்து நின்ற ஹலீமாவைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. "உள்ள வாங்கக்கா" என்றாள்.

திரையில் ரோஸ் நிறத்தில் வட்ட வட்டமாக என்னென்னவோ. சீமையிலிருந்து அவர் நகர்த்த, அம்புக்குறி ஒவ்வொரு வட்டமாய் நின்று நின்று போனது. வருஷக்கணக்காகப் புருஷனைப் போன் திரையில் பார்த்தவள். இப்போது ஆள் வார்டில் கிடக்க, அவர் உள்ளுக்குள் இருப்பது திரையில்.

"அவங்க திரும்பிப் போகட்டும் ஆண்டவரே. எத்தனை வருஷமானாலும் போகட்டும். ஆள் நல்லாயிருந்தா போதும். அதுக்கும் நெய்ச்சோறு ஆக்குறேன்."

ஸ்பீக்கரில் குரல் வந்தது. "வடு எங்கேயும் இல்லம்மா. மாத்திரைக்கே கேட்டுடும். நாலஞ்சு மாசத்துல தேறிடுவார்."

ஹலீமா மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் போனை வைக்கவில்லை.

"மலர்க்கொடி, நம்ம புது ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார். எங்க பக்கம் நாத்து விட்டாச்சு."

"ம்."

அந்த 'ம்' ஹலீமாவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் ஊர்ச் சேதி சொல்லி முடித்ததும் குவைத்திலிருந்து கேட்டதுதான்.

வார்டில் சேதி சொன்னதும் சலாஹுதீனின் முகம் மலர்ந்தது. "அப்ப விசா முடியறதுக்குள்ள போயிடலாம். மெடிக்கல் பாஸாயிடும்ல?"

"ஆயிடும்" என்றாள்.

ஐந்தாம் மாதம் ஹலீமா நெய்ச்சோறு ஆக்கினாள். பக்கத்து வீட்டு சஃபியா, "என்ன நேர்ச்சைம்மா?" என்றாள்.

"அவங்களுக்கு நல்லானதுக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். பயணம் எப்ப?"

"நாளைக்கு."

பெட்டி கட்டிக்கொண்டிருந்த சலாஹுதீன் அடுக்களையில் எட்டிப் பார்த்தார். டப்பாவில் சீரகச் சம்பா பாதிக்கு மேல் இருந்தது.

"ஏன் இவ்வளவு அரிசி மிச்சம்?"

"அது வேற நேர்ச்சைக்கு."

"என்ன நேர்ச்சை?"

ஹலீமா டப்பாவை இறுக மூடினாள். "நீங்க வந்தப்புறம் சொல்றேன்."